கண்டல் நடுவதா, கரையை எண்ணுவதா, புறாமலைக்குப் போவதா? திருகோணமலைச் சுற்றாடல் கழகங்களுக்கு ஓர் ஒப்பீடு

ஆண்டு தொடங்கியதும் பாடசாலைச் சுற்றாடல் கழகங்களில் மூன்று யோசனைகள் எழும். கடற்கரையைத் துப்புரவு செய்வோம் என்பார் ஒருவர். களப்போரச் சேற்றில் வளரும் கண்டல் மரங்களை நடுவோம் என்பார் இன்னொருவர். பிள்ளைகளைக் கேட்டால் நிலாவெளிக்கு எதிரே பவளப்பாறை சூழ்ந்த தீவான புறாமலைக்குப் போவோம் என்பார்கள். மூன்றும் நல்ல காரியங்கள்தான். ஆனால் நாற்பது பிள்ளைகள், இரண்டு ஆசிரியர்கள், மாதத்தில் ஒரு சனிக்கிழமைக் காலை என்ற அளவில் இயங்கும் கழகம் மூன்றையும் ஒன்றாகத் தலையில் போட்டுக்கொண்டால் எதுவும் உருப்படாது. ஒன்றைத் தேர்ந்தாக வேண்டும்.

எங்கள் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். முதல் ஆண்டில் கரைக் குப்பையை எண்ணுங்கள். கண்டலில் நடுகையை ஒத்திப்போட்டு, நீர்மட்டத்தை மட்டும் பதிவுசெய்யுங்கள். புறாமலையை நன்றாக நீந்தத் தெரிந்த மூத்த மாணவர் சிலருக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கரை: பொறுக்குவதற்கு முன் எண்ணுவது

செப்டெம்பர் மாதத்தின் மூன்றாம் சனிக்கிழமை சர்வதேசக் கரையோரத் துப்புரவு நாள். அன்று உப்புவெளியிலும் நிலாவெளியிலும் நூறு பேர் இறங்கிப் பொறுக்கினால் கரை மத்தியானத்துக்குள் பளிச்சென்று ஆகும். வாடைக்காற்று தொடங்கி இரண்டு வாரம் போனால் பழைய கோலம் திரும்பிவிடும். பொறுக்கிய பிள்ளைக்குக் கை வலியைத் தவிர என்ன மிஞ்சியது என்று யாரும் கேட்பதில்லை. அதே பிள்ளை பொறுக்குமுன் எண்ணி எழுதியிருந்தால், எந்தப் பொருள் எப்போது எங்கிருந்து வருகிறது என்பதைத் தன் கையெழுத்திலேயே வைத்திருக்கும்.

முறை எளிது. கரையோரமாக 100 மீற்றர் நீளத்தைத் தெரிவுசெய்யுங்கள். இரு முனைகளும் நகராத அடையாளங்களாக இருக்கட்டும்: ஒரு கிணறு, ஒரு மதில் மூலை, ஒரு பனை. போனில் இரு முனைகளின் ஜிபிஎஸ் இலக்கத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். அகலம் நீர் விளிம்பிலிருந்து அடம்பன் கொடி தொடங்கும் இடம் வரை. அந்த 100 மீற்றரை ஐந்து ஐந்து மீற்றராகப் பிரித்தால் இருபது துண்டு வரும். ஒன்றிலிருந்து இருபது வரை சீட்டு எழுதிக் குலுக்கி நான்கை எடுங்கள். அந்த நான்கு துண்டிலும் போத்தல் மூடியளவு, அதாவது 2.5 சென்ரிமீற்றர், அல்லது அதற்குப் பெரிய பொருள் ஒவ்வொன்றையும் எண்ண வேண்டும். ஒரு துண்டுக்கு ஐந்து பேர் போதும்: இருவர் கயிறு பிடிக்க, இருவர் பொறுக்கிப் பெயர் சொல்ல, ஒருவர் எழுத. எழுதுபவர் எழுதுவதைத் தவிர வேறெதுவும் செய்யக் கூடாது. கையுறையோடு பேனை பிடித்தால் அட்டை நனையும், எண்ணிக்கை குழம்பும்.

எண்ணி முடித்த பிறகு நூறு மீற்றரையும் முழுதாகத் துப்புரவு செய்யலாம். அடுத்த முறை வரும்போது கிடைப்பது அந்த இடைவெளியில் வந்து சேர்ந்த குப்பை. ஆகவே இடைவெளி மாறாமல் இருக்க வேண்டும். 28 நாளுக்கு ஒருமுறை என்றால் எப்போதும் 28 நாள்தான். ஒரு மாதம் மூன்று வாரத்திலும் அடுத்த மாதம் ஆறு வாரத்திலும் எண்ணிவிட்டு, குப்பை கூடிவிட்டது என்று சொல்ல முடியாது.

எண்ணும் அட்டையை ஆங்கிலத்திலிருந்து அப்படியே எடுக்காதீர்கள். நம் கரையில் கிடப்பவற்றின் பெயர்கள் அதில் இருக்க வேண்டும்: தண்ணீர்ப் போத்தல், மூடி, சொப்பிங் பை, ஷம்பு பைக்கற்று, யோகட் கப், லஞ்ச் சீட், ரெஜிபோம் துண்டு, தங்கூசி வலைத்துண்டு, நைலோன் கயிறு, செருப்பு, பம்பர்ஸ், கண்ணாடி. இந்தப் பட்டியலுக்கு இன்னொரு பயனும் உண்டு. இலங்கையில் லஞ்ச் சீட்டும் ரெஜிபோம் உணவுப் பெட்டியும் 2017 செப்டெம்பரில் தடைசெய்யப்பட்டன. 20 மில்லிலீற்றர் அல்லது அதற்குக் குறைந்த சிறு பைக்கற்றுகள், உணவும் மருந்தும் நீங்கலாக, 2021 மார்ச் இறுதியில் தடைக்குள் வந்தன. பிளாஸ்ரிக் ஸ்ட்ரோ, கரண்டி, தட்டு, மாலை, இடியப்பத் தட்டு ஆகியவை 2023 ஒக்டோபரில். தடைப் பொருள்களுக்கு அட்டையில் தனிப் பத்தி விடுங்கள். கடையில் சட்டம் எவ்வளவு தூரம் எட்டியிருக்கிறது என்பதை எட்டாம் வகுப்புப் பிள்ளை தானே அளக்கும். குடியியல் பாடத்தை இதைவிட நன்றாகக் கற்பிக்க முடியும் என்று எங்களுக்குத் தோன்றவில்லை.

கிடக்கும் போத்தலொன்றை எடுத்துத் திருப்பிப் பாருங்கள். லேபல் மங்கியிருந்தாலும் பார்கோட்டின் கீழுள்ள இலக்கங்கள் பெரும்பாலும் வாசிக்கக்கூடியதாக இருக்கும். முதல் மூன்று இலக்கம் 479 என்றால் இலங்கையில் பதிவான நிறுவனம். 890 இந்தியா, 885 தாய்லாந்து, 899 இந்தோனேசியா, 955 மலேசியா, 883 மியன்மார். இது பொருள் தயாரான நாட்டைக் காட்டாது, நிறுவனம் எங்கே இலக்கம் பெற்றது என்பதை மட்டுமே காட்டும். இதைப் பிள்ளைகளுக்கு முதலிலேயே சொல்லிவிட வேண்டும். போத்தலில் கொட்டலசு ஒட்டியிருந்தால் அது கடலில் நாள்கணக்கில் மிதந்து வந்தது. சுத்தமாக, மணல் மட்டும் படிந்திருந்தால் நேற்றோ முந்தநாளோ கரையில் எறிந்ததாக இருக்கலாம். வாடைக் காலத்து 479களையும் தென்மேற்கிலிருந்து வீசும் கச்சான் காலத்து 479களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்தால், நாம் எறிந்தது எவ்வளவு, வங்காள விரிகுடா கொண்டுவந்தது எவ்வளவு என்ற பேச்சுக்குக் கையில் ஒரு கணக்கு இருக்கும்.

பிளாஸ்ரிக் பொருள்கள் செய்ய மூலப்பொருளாகும் சிறு பிளாஸ்ரிக் மணிகளைத் தனியாக எண்ணுங்கள். 2021 மே 20 அன்று கொழும்புக்கு அப்பால் தீப்பற்றிய எக்ஸ்பிரஸ் பேர்ல் கப்பலிலிருந்து ஏறத்தாழ 1,680 தொன் மணிகள் கடலில் கலந்ததை எல்லோரும் அறிவோம். ஒரு மணியின் அளவு 2 முதல் 5 மில்லிமீற்றர், பருப்பளவுதான். அலை கடைசியாக ஏறிய கோட்டில் குந்தி, ஒருவர் பத்து நிமிடம் கையால் பொறுக்கி எண்ண வேண்டும். ஒவ்வொரு முறையும் அதே பத்து நிமிடம். மீன் முட்டையா மணியா என்று சந்தேகம் வந்தால் நகத்தால் அழுத்துங்கள். முட்டை நசியும், மணி நசியாது.

எங்கே பிழைக்கும் என்பதையும் சொல்ல வேண்டும். ஹோட்டல் வாசலைத் தெரிவுசெய்தால் அங்கே தினமும் காலையில் வாரிவிடுவார்கள், உங்கள் எண்ணிக்கை பொய்யாகும். கரைவலை இழுக்கும் இடமென்றால் முதலில் வலையின் சொந்தக்காரரான சம்மாட்டியிடம் பேசுங்கள். வலை இழுக்கும் நேரத்தில் நாற்பது பிள்ளைகள் குறுக்கே நடந்தால் அவர்களுக்கு வேலை கெடும், உங்களுக்கு ஊரில் பெயர் கெடும். ஈரமும் மணலுமாக நிறுத்தால் நிறை இரட்டிப்பாகும். ஆகவே உதறிக் காயவிட்டு, 25 கிலோ தொங்கு தராசில் நிறுங்கள். பைகளுக்குக் கழுவிய உரப்பை போதும், புதுப் பொலித்தீன் பை வாங்க வேண்டாம். ஊசி, உடைந்த கண்ணாடி ஆகியவற்றை மூடியுள்ள தகரப் பேணியில் ஆசிரியரே எடுத்துப் போட வேண்டும். அடம்பனையும் இராவணன் மீசையையும் குப்பையென்று பிடுங்க விடாதீர்கள். மணலைப் பிடித்து வைத்திருப்பவை அவைதான். அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு என்று நம்மவர்கள் சும்மா சொல்லவில்லை.

எல்லாவற்றிலும் பெரிய பிழை, பைகள் கரையிலேயே கிடப்பது. பிரதேச சபையின் உழவு இயந்திரம் எந்த நாள், எத்தனை மணிக்கு, எந்த ஒழுங்கை முனைக்கு வரும் என்பதை எழுத்தில் உறுதிசெய்யாமல் பிள்ளைகளைக் கூட்டிப் போகாதீர்கள். திங்கட்கிழமைக்குள் நாயும் காகமும் பைகளைக் கிழித்துவிடும். பொறுக்கிய பிள்ளை அதைப் பார்த்துவிட்டால் அடுத்த மாதம் வராது.

கண்டல்: ஏன் அவசரப்படக் கூடாது

கண்டல் நடுகை படத்துக்கு அழகு. அதனாலேயே அதிகம் நடக்கிறது, அதனாலேயே அதிகம் சாகிறது. சுனாமிக்குப் பிறகு இலங்கைக் கரைகளில் நட்ட கண்டல்களை 23 இடங்களில் போய்ப் பார்த்த ஆய்வொன்று 2017இல் வெளியானது. நடுகைக்கு எடுத்த 1,000 முதல் 1,200 ஹெக்ரேயரில் 200 முதல் 220 ஹெக்ரேயர்தான் தேறியிருந்தது. ஒன்பது இடங்களில் ஒரு கன்றுகூட மிஞ்சவில்லை. பிழையான இடம், பிழையான இனம், நட்டபின் திரும்பிப் பாராமை என்பவைதான் காரணங்கள்.

திருகோணமலையில் இந்தப் பிழை நடப்பதற்குத் தனிக் காரணம் ஒன்று உண்டு. நம் கடலில் வற்றுப்பெருக்கு மிகச் சிறியது, ஒரு மீற்றருக்கும் குறைவு. களப்பின் நீர்மட்டத்தைத் தீர்மானிப்பது வற்றுப்பெருக்கைவிட மாரியும் கோடையும்தான். சில சிறு களப்புகளின் வாய் கோடையில் மணல் மேடிட்டு அடைபடும். உள்ளே நீர் வற்றும், உப்பு ஏறும். மாரி வெள்ளம் வந்ததும் அதே இடம் வாரக்கணக்கில் நீருக்குள் கிடக்கும். உலகச் சுற்றாடல் தினம் ஜூன் 5, கண்டல் தினம் ஜூலை 26. இரண்டும் கச்சான் வீசும் காலத்தில் விழுகின்றன. அன்று நீர் விளிம்பு என்று தோன்றுகிற இடம் மாரியில் களப்பின் அடித்தளம். ஜூனில் அங்கே நட்ட கன்று முதலில் உப்பில் வாடும், பிழைத்தால் டிசெம்பரில் மூழ்கும்.

ஆகவே கன்று தேடுமுன் ஒரு கேள்வியைக் கேட்க வேண்டும்: இந்த இடத்தில் இப்போது ஏன் கண்டல் இல்லை? பக்கத்தில் தாய் மரங்கள் இருந்தும் இங்கே தானாக முளைக்கவில்லை என்றால், ஏதோ தடுக்கிறது. தெருப் போட்டபோது மதகு வைக்காமல் நீரோட்டம் நின்றிருக்கலாம். ஆடு மாடு தினமும் மேயலாம். அல்லது அது எந்தக் காலத்திலும் கண்டல் நிலமாக இல்லாத வெறும் சேற்றுத்தரையாகவோ கடற்புல் தரையாகவோ இருக்கலாம். கடற்புல்லின் மேல் கண்டல் நட்டால் கடற்புல்லும் மிதிபட்டு அழியும், கண்டலும் வராது.

முதல் ஆண்டு வேலை இதுதான். களப்போரத்தில் மேட்டிலிருந்து நீர் வரை நான்கு மரக்கட்டைகளை நட்டு, ஒவ்வொன்றிலும் சென்ரிமீற்றர் கோடு கீறுங்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் இருவர் வாரம் ஒருமுறை நீர்மட்டத்தை எழுதட்டும். ஏற்கெனவே கண்டல் நிற்கும் இடத்திலும் ஒரு கட்டை நடுங்கள். அங்கே ஆண்டில் எத்தனை வாரம் நீர் நிற்கிறதோ, ஏறக்குறைய அதே அளவு நிற்கும் இடமே நடுகைக்கு உகந்தது. ஒரு மீற்றர் சதுரங்கள் பத்தைக் குறித்து, தானாக முளைத்த கன்றுகளை மூன்று மாதத்துக்கு ஒருமுறை எண்ணுங்கள். தானாக வருகிறதென்றால் நடத் தேவையில்லை. ஆடு புகாமல் கம்பு வேலி அடைத்தாலே போதும். இது படத்தில் எடுப்பாக இராது, ஆனால் மரம் நிற்கும்.

பதிவின் பிறகும் நடத்தான் வேண்டும் என்றால், தண்டுக் கண்டலின் நீண்ட காய்களை முற்றியதாகப் பார்த்து எடுங்கள். காயின் தலைப்பில், பழம் தண்டோடு சேருமிடத்தில், வெளிறிய மஞ்சள் வளையம் தெரிந்தால் முற்றியது. வளையம் தெரியாத பச்சைக் காயைப் பிடுங்கினால் முளைக்காது. காய் நெடுக விரலை ஓட்டிப் பாருங்கள், ஊசித் துளை தட்டுப்பட்டால் உள்ளே வண்டு இருக்கிறது, விலக்கிவிடுங்கள். ஆறுக்கு ஒன்பது அங்குலப் பையில் களப்புச் சேற்றை நிரப்பி, காயின் மூன்றிலொரு பங்கு புதைய ஊன்றி, அரை நிழலில் வையுங்கள். நான்கு முதல் ஆறு இலை விட்ட பின் ஒரு மீற்றர் இடைவெளியில் நடலாம். நிலம் யாருடையது என்பதைப் பிரதேச செயலகத்திலும் வனப் பாதுகாப்புத் திணைக்களத்திலும் கேட்டு எழுத்தில் அனுமதி எடுக்காமல் ஒரு காயும் ஊன்ற வேண்டாம். நட்ட பிறகு மூன்று ஆண்டு பராமரிக்க ஆள் இல்லாவிட்டால் தொடங்கவும் வேண்டாம். கழகத்தில் இன்று இருக்கும் பத்தாம் வகுப்புப் பிள்ளை அப்போது பாடசாலையை விட்டே போயிருக்கும்.

புறாமலை

நிலாவெளிக் கரையிலிருந்து ஏறத்தாழ ஒரு கிலோமீற்றரில் இருக்கிறது. 1963இல் சரணாலயமாகி, 2003இல் தேசிய பூங்காவாக உயர்த்தப்பட்டது. பரப்பு 471 ஹெக்ரேயர், அதில் பெரும்பகுதி கடல். 1998இல் கடல்நீர் சூடேறி ஹிக்கடுவைப் பவளங்கள் பெருமளவு வெளிறி இறந்தபோது திருகோணமலைப் பக்கத்துப் பாறைகள் தப்பின. ஆகவே இங்கே மிஞ்சியிருப்பதற்கு நாட்டளவில் மதிப்பு உண்டு. துடுப்பு நுனி கறுத்த சிறு சுறாக்களை இடுப்பளவு நீரில் பார்க்கும் பிள்ளை அதை வாழ்நாளில் மறக்காது. இந்த ஒரு விடயத்தில் மற்ற இரண்டும் புறாமலைக்குக் கிட்ட வரமுடியாது.

ஆனாலும் கழக வேலையாக இதை முதலில் வைக்க எங்களுக்கு மனம் வரவில்லை. கடல் ஏப்ரல் முதல் செப்டெம்பர் வரைதான் இடம் தரும். மாரியில் வள்ளம் போகாது, பதிவு ஆறு மாதம் அறுந்துவிடும். பூங்கா என்பதால் வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தின் அனுமதி வேண்டும், நுழைவுச்சீட்டு, வள்ளக்கூலி வேறு. எல்லாவற்றுக்கும் மேலாக, நீந்தத் தெரியாத பிள்ளை பயந்தவுடன் காலூன்ற இடம் தேடும். அந்த இடம் பவளமாகத்தான் இருக்கும். மேலும் நம் ஊர்களில் பெண்பிள்ளைகளில் பலருக்கு நீச்சல் பழகும் வாய்ப்பே கிடைப்பதில்லை. கழகத்தின் பாதிப் பேரைக் கரையில் இருத்திவிட்டு மீதிப் பேர் செய்யும் வேலையைக் கழகத்தின் பிரதான வேலை என்று சொல்வது நியாயமில்லை.

நீந்தத் தெரிந்த ஆறேழு உயர்தர மாணவர் இருந்தால், அவர்களுக்குப் பொருத்தமானது குயின்ஸ்லாந்துப் பல்கலைக்கழகம் உருவாக்கிய பவள நிற அட்டை. கையளவுச் சதுரம், ஓரங்களில் 1 முதல் 6 வரை இலக்கமிட்ட நிறங்கள். ஒரு பவளத்தின் மிக வெளிறிய இடத்துக்கும் மிகக் கருத்த இடத்துக்கும் ஒத்த இலக்கங்களைப் பார்த்து எழுத வேண்டும். ஒரு முறைக்குக் குறைந்தது இருபது பவளங்கள். நிறத்தை நீருக்குள் அட்டையோடு வைத்தே ஒப்பிட வேண்டும், படம் எடுத்து வீட்டில் பார்த்தால் நிறம் மாறித் தெரியும். இருவர் இருவராக, உயிர்காப்பு அங்கியோடு, காற்று எழுமுன் காலையில் இறங்குங்கள். வெயிலுக்குக் களிம்பு பூசாமல் நீண்ட கைச் சட்டை போடுங்கள்.

வெள்ளையெல்லாம் வெளிறல் ஆகாது. பவளம் முழுதும் மெல்ல மங்கி, தசை இன்னும் இருந்தால் அது பெரும்பாலும் சூட்டால் வந்த வெளிறல். கூரான எல்லையோடு ஒரு பக்கம் மட்டும் சுண்ணாம்பு வெள்ளையாக இருந்தால், முள்முடி நட்சத்திர மீன் தின்ற தடமாக இருக்கலாம். அதைத் தொடக் கூடாது, முள்ளில் நஞ்சு. மேலே பாசி படர்ந்திருந்தால் பவளம் இறந்து நாளாகிவிட்டது. உடைந்து கரையொதுங்கிய துண்டையும் நினைவுக்கென்று எடுத்து வர அனுமதியில்லை.

யாரோடு சேர்வது

மத்திய சுற்றாடல் அதிகார சபையின் சுற்றாடல் முன்னோடித் திட்டம் பாடசாலைக்குள்ளேயே இயங்குவது. பதக்கமும் சான்றிதழும் இருப்பதால் அதிபரும் பெற்றோரும் இலகுவில் உடன்படுவர். கழகத்துக்கு அடித்தளமாக அது இருக்கட்டும். கரை வேலைக்கு அணுக வேண்டியது 2008ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்கும் கடல்சார் சூழல் பாதுகாப்பு அதிகார சபை. எண்ணெய்க் கசிவோ இரசாயனப் பேணியோ கரையொதுங்கினால் அவர்களுக்குத்தான் அறிவிக்க வேண்டும், பிள்ளைகள் கிட்டவும் போகக் கூடாது. 2018இல் தொடங்கிய பேர்ல் புரொடெக்டர்ஸ் இளைஞர் தொண்டர் அமைப்பு. கரை வேலையில் அவர்களுக்கு நல்ல பழக்கம் உண்டு, ஆனால் மையம் கொழும்பு. கண்டலுக்கு, 2015 முதல் களப்போரப் பெண்களுக்குச் சிறுகடன் கொடுத்து அவர்களையே கண்டற் காவலர் ஆக்கிய சிலாபத்துச் சிறு மீனவர் சம்மேளனத்தின் முறையைப் படியுங்கள். வெறும் நடுகையைவிட அது நெடுங்காலம் நிற்கும் வழி. உவர்ப்பு அளக்கும் கருவி வேண்டுமென்றால் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்தில் இரவல் கேட்டுப் பார்க்கலாம்.

எந்த அமைப்பானாலும் கைகோக்குமுன் நான்கு விடயங்களைக் கேளுங்கள். அட்டையும் விளக்கமும் தமிழில் தருவீர்களா? எங்கள் எண்ணிக்கையின் பிரதி எங்களிடமே இருக்குமா? முதல் நாளுக்குப் பிறகு எத்தனை தடவை வருவீர்கள்? பிள்ளைக்குக் காயம் பட்டால் பொறுப்பு யார்? மூன்றாவது கேள்விக்குத் தெளிவாகத் திகதி சொல்ல முடியாதவரோடு முதல் ஆண்டில் சேராதீர்கள்.

பதிவேட்டுக்கு 200 பக்க மட்டைக் கொப்பி ஒன்று வாங்குங்கள். முதல் பக்கத்தில் கரையின் இரு முனைகளை வரைந்து, ஜிபிஎஸ் இலக்கத்தையும், எண்ணும் நாளையும், பிரதேச சபையில் பேச வேண்டிய பிரிவையும் எழுதுங்கள். ஒவ்வொரு பக்கத்தையும் அன்றே போனில் படம் பிடித்து வையுங்கள். மாணவத் தலைவர் மாறும்போது பழைய தலைவரும் புதியவரும் ஒரே நாளில் அந்த நூறு மீற்றரைத் தனித்தனியே எண்ணட்டும். இரண்டு கணக்கும் பத்துக்கு ஒன்றைவிட அதிகம் விலகினால், எந்தப் பொருளை யார் எந்தப் பத்தியில் போட்டார் என்று பார்த்துத் திருத்திய பின்னரே கொப்பி கை மாற வேண்டும்.